விபத்தும் சட்டமும்



பிழைப்பு நாடி எலப்புள்ளிக்கு வந்த தமிழராகிய நமக்கு உடலே முதல். அதற்குக் கேடு வந்தால் விதியை நொந்து வாளாவிருத்தல் நம் வழக்கம். சட்டமோ அங்ஙனம் இருக்கச் சொல்லவில்லை.

பயணி ஒருவர் ரயிலிலிருந்து தவறி விழுந்து மாண்டாலோ காயமுற்றாலோ, ரயில்வேயின் குற்றத்தை மெய்ப்பிக்க வேண்டுவதில்லை. 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 124ஏ பிரிவின்படி நஷ்டஈடு உண்டு. தற்கொலை, குடிமயக்கம் போன்றவை விலக்கு. உயிரிழப்புக்கு 2017 முதல் 8 லட்சம் ரூபாய். சடலத்தில் டிக்கட் இல்லை என்பதனாலேயே வழக்கு வீழாது என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது.

மருத்துவமனை வழக்கு வேறு வகையது. கட்டணச் சிகிச்சையும் நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டதே என அம்மன்றம் 1995இல் கூறிற்று. ஆயினும், நோயாளி இறந்தமை மட்டுமே மருத்துவரின் பிழையாகாது. கவனக்குறைவை நாம் மெய்ப்பிக்க வேண்டும். அதற்குச் சிகிச்சைக் குறிப்புகளே சான்று. கேட்ட 72 மணி நேரத்துள் அவற்றைத் தருதல் மருத்துவர் கடமை என்பது 2002ஆம் ஆண்டு விதி.

ரயில் வழக்கை ஓராண்டுக்குள் எரணாகுளம் தீர்ப்பாயத்திலும், மருத்துவ வழக்கை ஈராண்டுக்குள் பாலக்காடு நுகர்வோர் ஆணையத்திலும் தொடுத்தல் வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டுதல் எளிதன்று. துக்கம் ஆறட்டும் என நாம் காத்திருப்போம், கெடு காத்திராது. வழக்காடப் பொருளில்லையே என்று பெண்கள் தயங்க வேண்டா. அவர்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு.

ஆதலின், துயருற்ற வீட்டுக்கு ஆறுதல் கூறச் செல்லுங்கால், காகிதங்களைப் பத்திரப்படுத்தவும் சொல்வோமாக. அதுவும் நம் சங்கத்தின் தொண்டேயாகும்.