தரை இழைத்தவர்களும் ஒரு பென்சிலும்

(நம் குடியிருப்போர் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் கைபோத் 1875-ல் வரைந்த ஓர் ஓவியத்தைப் பற்றி இன்று பேசுகிறேன். பாரிஸ் நகரத்து வீடு ஒன்றின் காலி அறை. சட்டையில்லாத மூன்று பேர் மண்டியிட்டு மரத்தரையை இழைக்கிறார்கள். சுருள் சுருளாக மரச்சீவல். ஓரத்தில் ஒரு மது பாட்டில், ஒரு கிளாஸ். அவ்வளவுதான் படம்.

இதை நேரடியாகத் துணியில் தீட்டிவிடவில்லை அவர். முதலில் காகிதத்தில் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாக வரைந்து பார்த்தார். ஆளின் குனிவு, கை நீளும் விதம், கருவியைப் பிடிக்கும் பிடி என்று ஒவ்வொன்றையும் கவனித்தார். பிறகு கட்டம் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் பெரிதாக்கித் துணிக்கு மாற்றினார். பள்ளியில் நாம் தலைவர்கள் படம் வரைந்த அதே முறைதான்!

புராண நாயகர்களை வரைவதற்கு ஓவியப் பள்ளிகள் கற்றுக்கொடுத்த முறை அது. கைபோத் வசதியான குடும்பத்துப் பிள்ளை. அந்த உழைப்பை அவர் தரை இழைக்கும் கூலிக்காரர்களுக்குக் கொடுத்தார். அதுதான் விசேஷம்.

அந்த ஆண்டு அரசு ஆதரவு பெற்ற கண்காட்சியின் நடுவர்கள் படத்தை நிராகரித்தார்கள். வயலில் உழைக்கும் விவசாயியை ஓவியத்தில் பார்த்துப் பழகியவர்களுக்கு நகரத்துத் தொழிலாளி உறுத்தலாக இருந்தார். 1876-ல் இம்ப்ரெஷனிஸ்ட் நண்பர்களின் கண்காட்சியில் அது இடம்பெற்றது. 1894-ல், 45 வயதில், அவர் காலமானார். இன்று அந்த ஓவியம் பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் பெருமையுடன் தொங்குகிறது.

இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன்? நாமும் அடுக்குமாடியில் வசிப்பவர்கள். டைல்ஸ் ஒட்ட, பெயின்ட் அடிக்க, குழாய் மாற்ற ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். "எப்போ முடியும்? எவ்வளவு ஆகும்?" இந்த இரண்டு கேள்வியோடு நம் பேச்சு முடிந்துவிடுகிறது. வேலை முடிந்ததும் தரையைத்தான் குனிந்து பார்க்கிறோம், ஆளை அல்ல.

கைபோத்தின் ஓவியத் தலைப்பில்கூட அந்த மூவரின் பெயர் இல்லை. அவர்கள் செய்த தொழில் மட்டுமே இருக்கிறது. நம்மால் அதைவிட ஒரு படி கூடுதலாகச் செய்ய முடியும். அடுத்த முறை வேலைக்கு ஆள் வரும்போது ஐந்து நிமிடம் அவர் கை வேலையை நின்று பாருங்கள். குடிக்கத் தண்ணீர் கொடுங்கள். பெயரைக் கேட்டு, அந்தப் பெயரைச் சொல்லியே கூப்பிடுங்கள். இதற்குப் படம் வரையத் தெரிய வேண்டியதில்லை.