நடுவில் நின்றுபோகும் கணிப்பொறி



அடியோடு ஓடாமற் போன கணிப்பொறியைச் செப்பனிடுவது ஓரளவு எளிது. ஒரு நாள் செவ்வனே ஓடி, மறுநாள் காரணம் தெரியாமல் அணைந்து, பின்னர் முகப்புச் சின்னத்தை மட்டும் காட்டிவிட்டுத் திரும்பத் திரும்ப முதலிலிருந்தே தொடங்கும் பொறிதான் நம்மைத் திகைக்க வைக்கிறது. ஆண்டிறுதிக் கட்டுரை அதனுள் அகப்பட்டுக்கொண்ட மாணவரின் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை. பொறி சற்று நேரமேனும் உயிர்த்திருக்குமாயின், அவர் ஆராய்ச்சியை ஒத்திவைத்து, எழுதியவற்றைப் பென்டிரைவில் படியெடுத்துக்கொள்வதே முதல் வேலை.

தலைவலி என்று வந்தவருக்கு நோய் தலையில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை அல்லவா? கணிப்பொறியும் அப்படியே. இன்டெல் நிறுவனம் 2022, 2023ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட பதின்மூன்றாம், பதினான்காம் தலைமுறைச் செயலிகள் சிலவற்றில் இது நன்கு விளங்கிற்று. கணிப்பொறியில் விளையாடியவர்களின் திரையில், வீடியோ நினைவகம் போதவில்லை என்னும் அறிவிப்புத் தோன்றியது. இயல்பாகவே பலர் கிராபிக்ஸ் கார்டின் மீது ஐயம் கொண்டனர். ஆனால் சுருக்கி வைக்கப்பட்ட கோப்புகளை விரிக்கும் கணக்கைச் செய்வது செயலி. அது பிழைபட்டது, பழியோ கார்டின் மேல் விழுந்தது. மிகையான மின்னழுத்தத்தால் செயலி நலிவுறுகிறது என்று இன்டெல் 2024இல் அறிவித்தது. திருத்திய மைக்ரோகோடை வெளியிட்டு, உத்தரவாதத்தையும் இரண்டாண்டு நீட்டியது. முன்னரே நலிந்த செயலிகளை அத்திருத்தம் குணப்படுத்தவில்லை.

ஆகவே பழுதை எல்லை கட்டித் தேட வேண்டும். பயாஸ் திரை விண்டோஸையோ வன்தட்டையோ நம்பியிருப்பதன்று. அது மதர்போர்டிலேயே குடியிருப்பது. அத்திரையில் நிற்கும்போதே பொறி அணைகிறதா? அப்படியாயின் விண்டோஸை மீண்டும் நிறுவுவது வீண் வேலை. எதற்கெடுத்தாலும் அதனையே முதல் மருந்தாகக் கொள்ளும் பழக்கம் எனக்கு உடன்பாடன்று. அங்கே நிலைத்து நின்று, விண்டோஸ் தொடங்கும்போது மட்டும் விழுமாயின், அண்மையில் நிறுவிய டிரைவரையும் வன்தட்டையும் ஆராயலாம். அப்போதும் செயலியும் நினைவகமும் குற்றமற்றவை என்று முடிவு கட்டிவிடலாகாது. பயாஸ் அவற்றுக்கு அதிக வேலை கொடுப்பதில்லை.

ரேமை வேகப்படுத்தும் எக்ஸ்எம்பி அமைப்பு இயங்கினால் அதனை நிறுத்துக. பின்னர் மெம்டெஸ்ட்86 என்னும் சோதனையை இரவு முழுதும் ஓடவிடுக. பிழை காட்டினால் ஒரு ரேமைக் கழற்றி, மற்றொன்றை மட்டும் வைத்துப் பார்க்கலாம். ஒரு வேளையில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். மூன்றை ஒருங்கே மாற்றியபின் பொறி ஓடினால், நலமான இரண்டுக்கும் சேர்த்துப் பணம் கொடுத்தவராவோம்.

வேலைப்பளு ஏறும்போது மட்டும் சட்டென அணையும் பொறியில், மின்விசிறியில் அடைந்த தூசியையும் பவர் சப்ளையையும் பார்க்க வேண்டும். பவர் சப்ளைப் பெட்டியை மாற்றிப் பார்க்கலாமேயன்றித் திறந்து பார்க்கலாகாது. மின் இணைப்பைக் கழற்றிய பின்னரும் அதனுள் இருக்கும் மின்தேக்கிகளில் உயிருக்கு ஊறு செய்யும் மின்னேற்றம் தங்கியிருக்கக்கூடும்.