இடிந்தால் மறுபடி கட்டலாம்



குழந்தையின் வளர்ச்சிக்குப் பெரிதும் துணை நிற்பது கடையில் வாங்கும் பொம்மையா, வாசலில் கிடக்கும் மணலா? நான் மணல் கட்சி.

எதிரணி அம்மையார், "மண்ணுல விட்டா சட்டை அழுக்காயிடுமே"ன்னு கவலைப்பட்டாங்க. அம்மா, சட்டை அழுக்கானா சோப்பு இருக்கு. குழந்தைப் பருவம் போயிட்டா அதை எந்தக் கடையில வாங்குவீங்க? (கைதட்டல்)

மணலில் என்ன படிப்பு இருக்கு என்கிறார்கள். காய்ந்த மணல் கையில் நிற்காது, வழியும். கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் கோபுரமாக நிற்கும். தண்ணீர் கூடினால் சரியும். மூணு வயசுப் பிள்ளை தானே கண்டுபிடிக்கிற பௌதிகம் இது! அள்ளி, கிள்ளி, சலித்து விளையாடும் விரல்தான் நாளைக்குப் பென்சிலைப் பிடிக்கும்.

சென்னையில் ஆதரவற்ற சிறுவர் பள்ளியை நடத்தியவர் ஆண்ட்ரூ பெல். நம்ம ஊர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். தம் பள்ளியிலும் அதைக் கொண்டுவந்தார். 1797-ல் லண்டனில் புத்தகமாகவே போட்டுவிட்டார். 1885-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், பெர்லினைப் பார்த்து, ஏழைக் குழந்தைகளுக்காக மணல் குவித்து வைத்தார்கள். வெள்ளைக்காரன் மணலைத் தேடிப் போனான். நாம சிமெண்ட் போட்டு மூடிட்டோம். (சிரிப்பு)

நாய், பூனை அசுத்தம் செய்யாத மணலாகப் பாருங்கள்; விளையாடி முடித்ததும் கையைக் கழுவி விடுங்கள். அந்தப் பொறுப்பு பெரியவர்களுக்கு. தடுப்பது பொறுப்பல்ல.

நிறைவாக ஒன்று. ஆண்பாற் பிள்ளைத்தமிழில் 'சிற்றில்' என்றே ஒரு பருவம் உண்டு. சிறுமியர் கட்டிய மணல் வீட்டைச் சிறுவன் காலால் சிதைக்க வருகிற பருவம். சிதைத்தால் என்ன ஆகும்? அழுவாள். அப்புறம்? கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி கட்டுவாள்! பொம்மை உடைஞ்சா குப்பைக்குப் போகும். மணல் வீடு இடிஞ்சா மணல் அங்கேயேதான் இருக்கும்.

ஒரு பரீட்சையில் மார்க் குறைந்தால் உலகமே முடிந்தது என்று இடிந்து போகிற பிள்ளைகளைப் பார்க்கிறோமே, நெஞ்சு பதறுகிறதே! இடிந்ததைத் திரும்பக் கட்டலாம் என்று மூன்று வயதில் கை கற்றுக்கொண்டால், முப்பது வயதிலும் மனசு அதை மறக்காது.

நடுவர் அவர்களே, எங்கள் வாதம் மணலில்தான் நிற்கிறது; ஆனால் ஈர மணல், சரியாது! நல்ல தீர்ப்புத் தாருங்கள். (கைதட்டல்)