எதிர்முனையில் இருப்பவர் யார்?

(அரக்கோணத்தில் ஊராட்சி மன்ற உறுப்பினர்கள், உழவர்கள் ஆகியோர் முன்னிலையில் ஆற்றிய சொற்பொழிவு)



ஏரி, கிணறு, விதை, உரம் ஆகியவற்றைப் பற்றிக் கேட்கலாம் என்று வந்திருப்பவர்களிடம் நான் ஒரு பெட்டியைப் பற்றிப் பேச முற்படுகிறேன், பொறுத்தருள வேண்டும். ஊராட்சி அலுவலகத்து அலமாரியின்மேல் சிறு விளக்குகள் மினுக்கிக்கொண்டிருக்கும் அப்பெட்டிக்கு ரௌட்டர் என்று பெயர். திசைவி என்று தமிழில் கூறுவர். நாட்டின் ஊராட்சிகளைக் கண்ணாடி இழைக் கம்பியால் இணைக்கும் திட்டத்தை மத்திய அரசு 2011ஆம் ஆண்டில் ஏற்றது. அதுவே பின்னர் பாரத்நெட் என்று பெயர் பெற்றது. தமிழ்நாட்டில் 12,525 கிராம ஊராட்சிகளை இணைப்பதற்கென வகுக்கப்பட்ட அப்பணி டான்பிநெட் என்னும் அரசு நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. கம்பி வந்தால் கணக்கும் அதன் வழியே செல்லத்தானே செய்யும்? வரிப் பதிவேடு, பயனாளிகள் பட்டியல், மானியக் கணக்கு ஆகிய யாவும் அவ்வழியே செல்பவை.

அவ்வாறு செல்பவற்றைப் பிறர் படிக்கவொண்ணாதபடி மறைத்து அனுப்பும் ஏற்பாடு ஒன்று உண்டு. இரண்டு அலுவலகங்களின் திசைவிகள், ஊரார் எல்லாரும் செல்லும் பொதுப் பாதைக்குள்ளேயே தமக்கென ஒரு சுரங்கவழி அமைத்துக்கொள்கின்றன. இதனை வி.பி.என். என்பர். வங்கிகளும் பெரிய அலுவலகங்களும் நெடுநாளாகக் கையாண்டுவரும் முறை இது. உங்கள் அலுவலகத்திலும் இதனை அமைக்கிறோம் என்று ஒருவர் வந்து சொல்லும்போது, "ஐயா, மறைத்து அனுப்புவது சரி; யாருக்கு அனுப்புகிறோம்?" என்று நீங்கள் கேட்க வேண்டும். அக்கேள்வியைப் பற்றியதே என் பேச்சு.

இந்த ஊரில் இதனை விளக்குவது எளிது. 1856ஆம் ஆண்டில் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய தென்னாட்டின் முதல் இரயில் அரக்கோணத்தின் வழியாகவே சென்றது. இன்றும் சென்னை, ஜோலார்பேட்டை, ரேணிகுண்டா, செங்கற்பட்டு ஆகிய நான்கு திசைப் பாதைகளும் இங்கே கூடுகின்றன. இரயில்வேயில் வேலை பார்ப்பவர் ஒருவரேனும் இல்லாத தெருவை இவ்வூரில் தேடித்தான் காணவேண்டும். அவர்களிடம் "பிரைவேட் நம்பர்" என்றால் என்னவென்று கேட்டுப் பாருங்கள். நிலைய அதிகாரி தொலைபேசியில் கேட்காரரை அழைத்து, வண்டி வருகிறது, கேட்டை மூடு என்கிறார். கேட்காரர் மூடிவிட்டு, மூடிவிட்டேன் என்கிறார். அவ்வளவு போதாது. அவரிடம் அச்சிட்ட எண்களின் தாள் ஒன்று இருக்கிறது. அதிலுள்ள அடுத்த எண்ணைச் சொல்லி, அதனை உடனே அடித்துவிடவேண்டும். நிலைய அதிகாரி அவ்வெண்ணைப் பதிவேட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். ஒருமுறை சொன்ன எண் மறுமுறை செல்லாது. இருபது ஆண்டுகளாகக் கேட்டுப் பழகிய குரலாயினும், குரலை மட்டும் நம்பி வண்டியை விடுவதில்லை.

திசைவிகள் செய்துகொள்ளும் காரியமும் இத்தகையதே. இதற்கான முறையை ஐ.கே.இ. என்று அழைக்கின்றனர். முதலில் இரு திசைவிகளும் சில எண்களைப் பரிமாறிக்கொண்டு தமக்குள் ஒரு பொது இரகசியத்தை உண்டாக்கிக்கொள்கின்றன. நடுவில் ஒட்டுக்கேட்பவன் அவ்வளவு எண்களையும் எழுதிவைத்துக்கொண்டாலும் அந்த இரகசியத்தை அவனால் கணக்கிட முடியாது. டிஃபி, ஹெல்மன் என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள் 1976ஆம் ஆண்டில் வெளியிட்ட வியத்தகு முறை அது. ஆனால் அதில் ஒரு குறை உண்டு. ஒட்டுக்கேட்பதோடு நில்லாமல், நடுவில் உள்ளவன் வாய் திறந்து பேசத் தொடங்கிவிட்டால்? மோசூர் அலுவலகம் அரக்கோணம் ஒன்றிய அலுவலகத்துடன் பேசுவதாக வைத்துக்கொள்வோம். நடுவில் உள்ளவன் மோசூரிடம் "நானே அரக்கோணம்" என்கிறான். அரக்கோணத்திடம் "நானே மோசூர்" என்கிறான். இருபுறமும் மறைத்தல் ஒழுங்காகவே நடைபெறுகிறது. பெட்டியில் பச்சை விளக்கும் எரிகிறது. கணக்கு மட்டும் அவன் கையில் திறந்து கிடக்கிறது. பாதுகாப்பே இல்லை என்று அறிந்திருந்தால் நாம் எச்சரிக்கையாகவாவது இருந்திருப்போம். ஆகையால் எதிர்முனை தன்னை இன்னார் என்று மெய்ப்பிக்கும்வரை திசைவி ஓர் எழுத்தும் அனுப்பலாகாது.

மெய்ப்பிக்கும் வழிகளுள் இரண்டு பெருவழக்காக உள்ளன. முதல் வழியில், இருவரும் முன்கூட்டியே ஓர் இரகசியச் சொல்லைத் தத்தம் திசைவியில் பதித்துக்கொள்கின்றனர். அச்சொல் கம்பியில் செல்வதே இல்லை; அதனைக் கொண்டு கணக்கிட்ட விடை மட்டுமே செல்லும். இரண்டே அலுவலகங்கள் என்றால் இதுவே போதும் என்பது என் கருத்து. சங்கடம் சொல்லைத் தேர்ந்தெடுப்பதில்தான் இருக்கிறது. முருகன் பெயரோடு 123 சேர்த்து வைத்தால் திருத்தணி அடிவாரத்தில் இருக்கும் எவனும் அதனை ஊகித்துவிடுவான்! பொருளற்ற எழுத்துகளையும் எண்களையும் கலந்து, இருபதுக்குக் குறையாமல், இயந்திரத்தைக் கொண்டே உண்டாக்க வேண்டும். அதனை மனப்பாடம் செய்யவேண்டிய தேவை எவருக்கும் இல்லையாகையால் நீளத்தைக் கண்டு அஞ்ச வேண்டாம்.

இவ்விடத்தில் பழைய முறையின் ஆபத்து ஒன்றையும் சொல்லவேண்டும். 1998ஆம் ஆண்டில் வந்த ஐ.கே.இ. முதற்பதிப்பில், முகவரி அடிக்கடி மாறும் சிறு அலுவலகங்களுக்காக "அக்ரெசிவ்" என்னும் விரைவு முறையைப் பலர் கையாண்டனர். அதில் இரகசியச் சொல்லைக் கொண்டு கணக்கிட்ட விடை மறைக்கப்படாமலே வெளியே போய்விடும். களவாடுபவன் அதனை வீட்டுக்கு எடுத்துச் சென்று, கணினியை வைத்து ஆயிரமாயிரம் சொற்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்க்கலாம், தடுப்பார் யாருமில்லை. 2005ஆம் ஆண்டில் இரண்டாம் பதிப்பு வெளிவந்தது. 2023ஆம் ஆண்டில் முதற்பதிப்பு கைவிடத்தக்கது என்று இணையத் தர அமைப்பே அறிவித்துவிட்டது. எனவே, பெட்டி பழையதேயாயினும், எந்தப் பதிப்பில் அமைத்திருக்கிறீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள்.

நிற்க. ஓர் ஒன்றியத்தில் நாற்பது அலுவலகங்கள் இருந்து, ஒவ்வொன்றும் மற்றெல்லாவற்றோடும் நேரே பேசவேண்டுமானால், இணைக்கு ஒன்றாக 780 இரகசியச் சொற்கள் வேண்டும். வேலை செய்பவர் என்ன செய்வார்? நாற்பதுக்கும் ஒரே சொல்லைப் போட்டுவிட்டு, எதிர்முனை எந்த முகவரியிலிருந்து வந்தாலும் ஏற்றுக்கொள் என்றும் எழுதிவிட்டுப் போவார். அது ஊருக்கெல்லாம் ஒரே சாவி செய்வது போன்றது. ஓர் அலுவலகத்துப் பெட்டி களவு போனால் நாற்பது அலுவலகங்களின் பூட்டும் திறந்துவிடும்.

இத்தகைய இடத்துக்கு இரண்டாவது வழியான எண்மச் சான்றிதழே ஏற்றது. ஒவ்வொரு திசைவிக்கும் தனக்கே உரிய இரகசியத் திறவுகோல் ஒன்று உண்டு. அதைவிட்டு அது வெளியேறுவதில்லை. அதற்கு இணையான பொதுத் திறவுகோலையும் அலுவலகத்தின் பெயரையும் சேர்த்து, எல்லாரும் நம்பும் ஓர் அதிகார அமைப்பு கையொப்பமிட்டுத் தருவதே சான்றிதழ். ஊராட்சித் தலைவர்களுக்கு இது புதிதன்று. 2020ஆம் ஆண்டு ஏப்ரலில் தொடங்கப்பெற்ற இ-கிராம் சுவராஜ் தளத்தில் பணம் பட்டுவாடா செய்ய நீங்கள் கணினியில் செருகும் சிறு கருவியில் இருப்பதும் இவ்வகைத் திறவுகோலே. (அக்கருவியையும் அதன் கடவுச்சொல்லையும் கணினி இயக்குபவரிடமே விட்டுவைக்கும் தலைவர்களும் உளர். கையெழுத்திட்ட வெற்றுக் காசோலைப் புத்தகத்தையும் அவ்வாறு விட்டுவைப்பார்களா என்று கேட்கத் தோன்றுகிறது.)

சான்றிதழ் முறையிலும் ஒரு பிழை எளிதில் நுழைந்துவிடும். வந்த சான்றிதழில் உள்ள கையொப்பம் மெய்யானது என்று பார்ப்பதோடு திசைவி நின்றுவிடலாகாது. அதில் எழுதியுள்ள பெயர் தான் எதிர்பார்த்த பெயர்தானா என்றும் பார்க்கும்படி அமைக்கவேண்டும். நாற்பது அலுவலகங்களுக்கும் ஒரே அமைப்பு கையொப்பமிட்டிருப்பதால், பெயரைப் பார்க்காவிட்டால் இச்சிபுத்தூர் தன்னை மோசூர் என்று சொல்லிக்கொள்ளலாம்.

மற்றொன்று கடிகாரம். இதனால் நேரும் தொல்லை சிறிதன்று. சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. மின்சாரம் நின்று வந்ததும் சில பெட்டிகளின் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னோக்கிப் போய்விடுகிறது. அப்போது திசைவி, இச்சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகும் நாளே வரவில்லை என்று கருதி, உண்மையான எதிர்முனையையே வாசலில் நிறுத்திவிடுகிறது. அலுவலகத்தில் இருப்பவர் கம்பி அறுந்துவிட்டது என்று எண்ணி ஆள் அனுப்புகிறார். வந்தவர் அவசரத்தில், சரிபார்க்கும் ஏற்பாட்டையே நீக்கிவிட்டு, வேலை முடிந்தது என்று போய்விடுகிறார். இதைத்தான் நீங்கள் அனுமதிக்கக்கூடாது. நேரத்தைத் தானே சரிசெய்துகொள்ளும்படி திசைவியை அமைக்கவும், ஒரு சிறு மின்கலத் துணையை வாங்கி வைக்கவும் ஆகும் செலவு பெரிதன்று.

இறுதியாக, பெட்டியை மாற்றும் நாளைப் பற்றி ஒரு வார்த்தை. பழுதான பெட்டியைக் கடைக்காரர் எடுத்துச் செல்லும்முன் அதிலுள்ள திறவுகோல்களை அழித்துவிடவேண்டும். சான்றிதழாயின் அது இனிச் செல்லாது என்று வழங்கிய அமைப்புக்கு எழுத்து மூலம் தெரிவித்து, இரத்துப் பட்டியலில் ஏற்றச் செய்யவேண்டும். இரகசியச் சொல்லாயின் இருமுனையிலும் அன்றே மாற்றவேண்டும். அமைத்துக் கொடுத்த ஒப்பந்தக்காரரின் ஆள் வேலையை விட்டுச் சென்றாலும் அவ்வாறே. யார், என்று, எந்தப் பெட்டியில் மாற்றினார் என்பதை, இருப்புப் பதிவேட்டில் மின்மோட்டாரின் எண்ணை எழுதுவதுபோல ஒரு வரி எழுதி, செயலாளர் ஒப்பமிட்டு வைக்கட்டும். ஆனால் இரகசியச் சொல்லை அப்பதிவேட்டில் எழுதவேண்டாம். தணிக்கைக்கு வருபவர் அதனைக் கேட்கமாட்டார்.