ஹிட்டோமி தந்துவிட்டுப் போன அளவு



நம் பால்வெளி போன்ற கேலக்ஸிகள் ஆயிரக்கணக்கில் கூடியிருக்கும் இடம் கேலக்ஸிக் கூட்டம். பெர்சியஸ் கூட்டம் சுமார் 24 கோடி ஒளியாண்டு தொலைவில் உள்ளது. அங்கே கேலக்ஸிகளுக்கு நடுவே ஏறத்தாழ 5 கோடி டிகிரி வெப்பத்தில் வாயு பரவிக் கிடக்கிறது. அத்தனை விண்மீன்களைக் கூட்டினாலும் அந்த வாயுவின் எடையே அதிகம். அது எக்ஸ் கதிரில்தான் ஒளிர்கிறது. அந்தக் கதிரை நம் வளிமண்டலம் தடுத்துவிடும். அதனால் தொலைநோக்கி விண்வெளிக்கே போக வேண்டும்.

2016 பிப்ரவரி 17 அன்று ஜப்பான் ஹிட்டோமியை ஏவியது. மார்ச் 26 அன்று அது கட்டுப்பாடின்றிச் சுழன்று உடைந்தது. பல ஆண்டு உழைப்பு ஐந்தே வாரத்தில் போயிற்று.

ஆனால் அதற்குள் அது பெர்சியஸைப் பார்த்துவிட்டது. நடுவே பெரிய கருந்துளை ஒன்று வாயுவைக் கிளறிக்கொண்டே இருக்கிறது. அப்படியும் வாயுவின் கொந்தளிப்பு வேகம் நொடிக்குச் சுமார் 164 கி.மீ.தான், எதிர்பார்த்ததைவிட அமைதி! வாயு அமைதியாக இருந்தால்தான் அதன் வெப்பத்தை வைத்துக் கூட்டத்தின் மொத்த எடையை நம்பிக் கணக்கிடலாம்.

2023 செப்டம்பர் 7 அன்று, அதே வகைக் கருவியுடன் கிரிஸம் என்ற செயற்கைக்கோள் கிளம்பியது. விட்ட இடத்திலிருந்து வேலை தொடர்கிறது.

கேள்விகள் இருந்தால், முதலில் பிள்ளைகள் கேட்கட்டும்.