நிற்கும் வண்டியின் ஓசை

சித்தூரிலிருந்து வடக்கே வரும் நெடுஞ்சாலை புத்தலப்பட்டில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை பீலேர் வழியாகக் கடப்பையை நோக்கிச் செல்கிறது. மற்றொன்று சந்திரகிரி வழியாகத் திருப்பதியை அடைகிறது. பெங்களூர், மைசூர், கோலார் தங்கவயல் முதலிய இடங்களில் குடியேறி வாழும் நம் மக்கள் வேங்கடவனைத் தரிசிக்கச் சொந்த மோட்டார் வண்டியில் புறப்பட்டால், முளபாகல், பலமனேர், சித்தூர் என்று வந்து, இந்தப் பிரிவைக் கடந்து போவதே பெருவழக்கு. இறங்கித் தேநீர் அருந்துவதற்கும் ஏற்ற இடம்.

அவ்விடத்தில் ஒருமுறை நாமும் குடும்பத்தோடு இறங்கினோம். வண்டியை ஓட்டி வந்த மைத்துனர் இயந்திரத்தை நிறுத்தவில்லை. தேநீர்க் குவளையை வண்டியின் முன்மூடிமேல் வைத்தார், குவளை நடுங்கியது. சிறிது நேரத்தில் விளிம்பை நோக்கி நகரவும் தொடங்கிற்று. இந்த நடுக்கம் நமக்குப் புதிதன்று. புறப்படுவதற்கு முன் பெங்களூரில் ஒரு பட்டறையில் காட்டினோம். நான்கு பிளக்குகளையும் மாற்றினார்கள். ஒரு சென்சாரையும் மாற்றினார்கள். பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டர்களைக் கழுவினார்கள். பணம் செலவாயிற்று, நடுக்கம் போகவில்லை. "பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்ற ஆறுதலும் கிடைத்தது.

தேநீர்க் கடைக்கு அடுத்திருந்த தகரக் கொட்டகையிலிருந்து முதிய மெக்கானிக் ஒருவர் எழுந்து வந்தார். தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடிக்கும் பேச்சு. 1960 ஏப்ரல் 1-ஆம் நாள் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது, சித்தூர் ஆந்திரத்திலேயே நின்றது. ஆனால் எல்லைக்கோடு எங்கே ஓடினும் இப்பக்கத்துப் பட்டறைகளில் இரு மொழிகளும் ஒரே வாயில்தான் குடியிருக்கின்றன. அவர் கருவி எதையும் எடுக்கவில்லை. "சார், பிரேக்கை மிதிங்க" என்றார். மிதித்ததும் இயந்திரத்தின் ஓசை சற்றுத் தாழ்ந்து மீண்டது. "பெடல் கல்லு மாதிரி இருக்குதா?" என்று கேட்டார். ஆம், சில நாட்களாகவே சற்றுக் கடினமாகத்தான் இருந்தது. பிறகு இயந்திரத்திலிருந்து பிரேக் பூஸ்டருக்குப் போகும் ரப்பர்க் குழாயைத் துணி சுற்றிய இடுக்கியால் நெரித்தார். நடுக்கம் அக்கணமே நின்றது. குழாயை வளைத்துக் காட்டினார். கிளிப்புக்கு அருகே நகக்குறி போல ஒரு வெடிப்பு.

இதில் என்ன நடந்தது என்பதை விளக்குவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

வண்டி நிற்க, இயந்திரம் மட்டும் ஓடும் நிலையை மெக்கானிக்குகள் 'ஐட்லிங்' என்பார்கள். 'ஸ்லோ' என்றும் சொல்வதுண்டு. ஆங்கிலச் சொல்லுக்கு நேர்பொருள் 'சும்மா இருத்தல்'. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இச்சொல்லைத் தமிழாக்குவது எளிதாக இல்லை. ஏனெனில் இயந்திரம் அப்போது சும்மா இருப்பதே இல்லை. நிமிடத்துக்கு 800 சுற்று என்று வைத்துக்கொண்டால், நான்கு சிலிண்டர் உள்ள இயந்திரத்தில் நிமிடத்துக்கு 1,600 முறை, அதாவது நொடிக்கு 26 அல்லது 27 முறை பெட்ரோல் வெடிக்கிறது. மூன்று சிலிண்டர் என்றால் நொடிக்கு 20. 1983-இல் வெளிவந்த மாருதி 800 முதற்கொண்டு நம் நாட்டுச் சிறிய வண்டிகள் பல மூன்று சிலிண்டர் உள்ளவை; அவற்றில் ஓரளவு அதிர்வு பிறவிக் குணம், நோயன்று. ஆகையால் நம் வண்டி முன்பு எப்படி இருந்தது என்பதோடு ஒப்பிடுவதே முறை; பக்கத்து வீட்டுக்காரர் வண்டியோடு ஒப்பிடுவது வீண்.

நிற்கும்போது இயந்திரம் மிகக் குறைந்த காற்றையே உட்கொள்கிறது. காற்று நுழையும் வாயில் ஏறக்குறைய மூடியிருக்க, பிஸ்டன்கள் உறிஞ்சுவதால் உட்செல்லும் குழலில் ஒரு வெற்றிடம் உண்டாகிறது. நலமான இயந்திரத்தில் சாதாரணமாக அது பாதரச அளவில் 17 முதல் 21 அங்குலம் வரை இருக்கும். ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். இந்தச் சிறு அளவில், வெடித்த குழாய் வழியே கணக்கில் வராத காற்று சிறிது புகுந்தாலும் கலவை நீர்த்துப்போகிறது, சில வெடிப்புகள் தவறுகின்றன, வண்டி குலுங்குகிறது. வேகமாக ஓடும்போது உட்செல்லும் காற்று பெருவெள்ளம். அந்த ஒழுக்கு அதில் கரைந்துவிடும். ஆகவே நிற்கும்போது குலுங்கி, ஆக்ஸிலரேட்டரை அழுத்தியதும் சீராகும் வண்டியில் முதலில் காற்று ஒழுக்கைச் சந்தேகிக்க வேண்டும். அதற்கு மாறாக, மேட்டில் ஏறும்போதும் இழுக்காமல் விட்டுவிட்டு இடித்தால், தீப்பொறியையோ பெட்ரோல் வருகையையோ பார்க்க வேண்டும். இந்த ஒரு வேற்றுமையை அறிந்து பட்டறைக்குப் போகிறவர் பாதிச் செலவைத் தவிர்க்கலாம்.

அதற்கும் முன்னதாக ஒரு கேள்வி உண்டு: குலுங்குவது இயந்திரமா, அல்லது அதைத் தாங்கும் ரப்பர்க் கட்டைகள் தளர்ந்துவிட்டனவா? பின்புறம் புகைக் குழாயருகே நின்று கேளுங்கள். புகை வரும் ஓசை தாளம் தவறாமல் இருந்து, உள்ளே ஸ்டியரிங்கும் ஆசனமும் மட்டும் அதிர்ந்தால், இயந்திரத்தின்மேல் பழியில்லை. கட்டைகளை மாற்றினால் போதும். 'புப் புப்' என்று வந்து இடையிடையே ஓர் அடி விடுபட்டால், ஏதோ ஒரு சிலிண்டர் தன் வேலையைச் செய்யவில்லை. இதைத்தான் 'மிஸ்ஸிங்' என்கிறார்கள்.

எந்தச் சிலிண்டர் என்று அறிய, முன்காலத்து மெக்கானிக் ஓடும் இயந்திரத்திலேயே ஒவ்வொரு பிளக் ஒயராகக் கழற்றுவார். எந்த ஒயரைக் கழற்றியும் ஓசை மாறவில்லையோ அதுவே சோம்பேறிச் சிலிண்டர். அம்பாஸடரிலும் பத்மினியிலும் அது நடந்தது. இக்கால வண்டிகளில் அதைச் செய்யலாகாது. மின்சுருள்கள் பல்லாயிரம் வோல்ட் அழுத்தம் தருபவை. மேலும் எரியாத பெட்ரோல் புகைக் குழாயிலுள்ள கிரியாவூக்கி அறைக்குப் போய் அங்கே எரிந்து, விலையுயர்ந்த அந்த உறுப்பையே பாழாக்கும். இப்போதைய வண்டியில் குறை தானே பதிவாகிறது: 'பி 0301' என்றால் முதல் சிலிண்டர், 'பி 0302' என்றால் இரண்டாவது, 'பி 0300' என்றால் குறிப்பிட்ட ஒன்றில் அன்றி இங்குமங்கும் தவறுகிறது என்று பொருள். ஆனால் எண் சொல்வது நோயின் இடத்தையே அன்றிக் காரணத்தை அன்று. எண்ணைப் பார்த்தவுடன் சென்சாரை மாற்றுவது, காய்ச்சலைக் கண்டு வெப்பமானியை மாற்றுவது போன்றதே. முதல் சிலிண்டரின் மின்சுருளை மூன்றாவதற்கு மாற்றிப் பொருத்திப் பாருங்கள். குறையும் 'பி 0303' ஆக இடம் மாறினால் குற்றவாளி அகப்பட்டது. இதற்குக் காசு செலவில்லை.

முன்பலகையில் இயந்திரக் குறிவிளக்கு நிலையாக எரிந்தால் விரைவில் காட்டுங்கள். கண்சிமிட்டினால் ஓரமாக நிறுத்துங்கள்.

பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது இன்றும் நல்ல வைத்தியம். ஆனால் இயந்திரம் ஆறிய பின்பே கழற்ற வேண்டும், இல்லாவிடில் அலுமினியத்தில் வெட்டிய மரை உரிந்துபோகும். நுனி இளம் பழுப்பாக இருந்தால் நலம். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி, அல்லது காற்று வடிகட்டி தூசியால் அடைபட்டிருக்கிறது. எண்ணெய்ப் பசை இருந்தால் பிஸ்டன் வளையமோ வால்வின் எண்ணெய் அடைப்போ தேய்ந்திருக்கிறது. வெளுத்திருந்தால் கலவை நீர்த்திருக்கிறது. மறுபடி காற்று ஒழுக்கைத் தேட வேண்டும். நம் வண்டியின் பழைய பிளக்குகள் வெளுத்திருந்தன என்பது பின்னர்தான் நினைவுக்கு வந்தது. அவற்றை எறிவதற்கு முன் யாரேனும் ஒரு நொடி உற்றுப் பார்த்திருந்தால் இத்தனை செலவு நேர்ந்திராது.

பெட்ரோலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2025 முதல் நாடெங்கும் பெரும்பாலும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலே கிடைக்கிறது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். ஈரம் மிகுந்தால் நீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து தொட்டியின் அடியில் தங்கும். பம்பு உறிஞ்சுவதும் அடியிலிருந்தே. கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய், மழைக்காலம் தொடங்கிய பின் திரும்பும் நம்மவர்கள், வண்டியைக் கால் தொட்டி பெட்ரோலுடன் விட்டுச் செல்வது நல்லதன்று. நிறைத்து விட்டுச் சென்றால் உள்ளே காற்றுக்கும் ஈரத்துக்கும் இடம் குறையும்.

இனி ஓசைகள். மேல்மூடியிலிருந்து 'டிக் டிக்' என்று, இயந்திரச் சுழற்சியின் பாதி வேகத்தில் வருவது டாப்பெட் ஓசை. வால்வு இடைவெளி மிகுந்ததைக் காட்டும். இதைக் கேட்டு அஞ்சுவோர் பலர். நாம் அஞ்ச வேண்டியது ஓசையில்லாத டாப்பெட்டுக்கு: இடைவெளி மிகக் குறைந்தால் வால்வு முழுவதும் மூடாது, அழுத்தம் கசியும், நிற்கும்போது ஓர் அடி தவறும், நாளடைவில் வால்வே எரிந்துபோகும். எரிவாயுவில் ஓடும் வண்டிகளில் வால்வின் இருக்கை தேய்ந்து இந்த இடைவெளி ஓசையின்றியே சுருங்குவதுண்டு. கீழிருந்து 'டொக் டொக்' என்று கனமாக வருமானால் அது பேரிங்; அதற்குச் சாலையோர வைத்தியம் கிடையாது. கீச்சென்ற ஓசை பெல்ட்டினுடையது. ஓசையின் இடத்தை அறிய மெக்கானிக்குகள் நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் நுனியை இயந்திரத்தில் வைத்துப் பிடியைக் காதோடு சேர்ப்பார்கள்; மருத்துவரின் குழாய் போலவே அது வேலை செய்யும், சுழலும் விசிறியிலிருந்து விலகி நின்றால்.

இயந்திரத்தருகே 'புஸ் புஸ்' என்று புகை கசியும் ஓசைக்கு மட்டும் தாமதம் கூடாது. அதில் நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. குளிர்சாதனத்தை ஓடவிட்டு, கண்ணாடிகளை ஏற்றி, குழந்தைகளோடு வண்டிக்குள்ளேயே உறங்கும் யாத்திரிகர்களை அந்தச் சாலையோரங்களில் நாம் கண்டிருக்கிறோம். உறங்கும்போது இயந்திரம் ஓடவே கூடாது.

புத்தலப்பட்டுக்குத் திரும்புவோம். வெடிப்பின்மேல் பிசின் நாடாவைச் சுற்றித் தந்தால் போய்விடலாமே என்றார் மைத்துனர். மெக்கானிக் மறுத்துவிட்டார். "மேலே போறீங்க சார். ஏறுறதுக்கு இது வேண்டாம். இறங்குறதுக்கு வேணும்" என்றார். சித்தூரிலிருந்து அதற்குரிய குழாய் வந்து சேர 2 மணி நேரம் ஆயிற்று, குழந்தைகள் சிணுங்கின, நாமும் சிணுங்கினோம். ஆயினும் அவர் சொன்னதே சரி. காலால் நாம் தரும் விசையைப் பன்மடங்காக்கும் பூஸ்டர், பெட்ரோல் வண்டிகள் பெரும்பாலானவற்றில், அதே வெற்றிடத்தைக் கொண்டே இயங்குகிறது. குழாய் பிளந்தால் இயந்திரமும் நடுங்கும், பிரேக்கும் கல்லாகும். இரண்டும் ஒரே நோயின் இரு குறிகள். பெங்களூரில் நாம் ஒன்றைச் சொன்னோம், மற்றதைச் சொல்லவில்லை.

திருமலைக்கு முதல் மலைப்பாதை 1944-இலும் இரண்டாவது 1974-இலும் திறக்கப்பட்டன. இப்போது இரண்டாவதில் ஏறி, முதற்பாதையில் இறங்குகிறோம். மலைமேல் காற்றழுத்தம் குறைவு. வெற்றிடமும் 2 அல்லது 3 அங்குலம் குறையும். நல்ல வண்டிக்கு அது பொருட்டன்று; ஒழுக்குள்ள வண்டிக்கு ஏற்கெனவே குறைந்தது மேலும் குறைகிறது. ஐட்லிங் நிலையாக நிற்காத வண்டி, வளைவில் கிளட்சை மிதித்த கணத்தில் அணைந்துபோகக் கூடும். அணைந்தால் பூஸ்டரில் மிஞ்சிய வெற்றிடம் ஓரிரு மிதிகளுக்கே வரும். அப்போது பிரேக்கை விட்டுவிட்டு மிதிக்கலாகாது. ஒரே மூச்சாக அழுத்திப் பிடித்து, தாழ்ந்த கியரில் இட்டு, கைப்பிரேக்கை மெல்ல இழுத்து ஓரத்தில் நிறுத்த வேண்டும். இறக்கத்தில் இயந்திரத்தைத் தாமே அணைத்துப் பெட்ரோலை மிச்சம் பிடிப்பதாக எண்ணுவோரும் உண்டு. இன்ஜெக்டர் உள்ள வண்டி கியரில் இறங்கும்போது, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே பெட்ரோல் பெரும்பாலும் தானே நின்றுவிடுகிறது. மிச்சம் பிடிக்க அங்கே ஒன்றுமில்லை.

மலையடிவாரத்து அலிபிரிச் சோதனைச் சாவடியில் வண்டிகள் வரிசையில் காத்து நிற்கும். அந்த நேரத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம். கைப்பிரேக்கை இட்டு, இயந்திரத்தை அணைத்து, பிரேக் பெடலைக் கடினமாகும் வரை நான்கைந்து முறை மிதியுங்கள். மிதித்த காலை எடுக்காமலே இயந்திரத்தைக் கிளப்புங்கள். பெடல் காலின்கீழ் சற்றே இறங்கினால் பூஸ்டர் நலமாக இருக்கிறது. இறங்காமல் கல்லாகவே நின்றால், வண்டியை அங்கேயே ஓரமாக விட்டுவிட்டு, தேவஸ்தானத்து வழியில் ஓடும் பேருந்தில் ஏறிச் செல்லுங்கள்.