யத்தீம் பிள்ளையின் மனப்புண்ணுக்கு மருந்து எங்கே?

(பாடியில் இளைஞர்களும் வணிகர்களும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

கடையைச் சாத்திவிட்டு, கல்லாக் கணக்கை முடித்துவிட்டு, வீட்டுக்குக்கூடப் போகாமல் இங்கே வந்து அமர்ந்திருக்கிறீர்கள். உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன். கணக்கைப் பற்றியே பேசுகிறேன். நம் சமுதாயம் எழுத மறந்துபோன ஒரு கணக்கு அது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ரமளானில், நண்பர்கள் சிலர் சேர்ந்து பையன்கள் தங்கும் ஒரு விடுதிக்கு பிரியாணி கொண்டு போனோம். பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். நாங்கள் பொட்டலத்தைக் கையில் கொடுத்துக் கொடுத்துப் படம் எடுத்துக் கொண்டோம். பதினைந்து வயது இருக்கும் ஒரு பையன், பொட்டலத்தைப் பிரிக்காமல் நின்று கொண்டிருந்தான். ஏன் தம்பி என்று கேட்டேன். "போட்டோ எடுத்தாச்சா பாய்? இனிமே சாப்பிடலாமா?" என்றான்.

அவன் கிண்டல் செய்யவில்லை. அனுமதி கேட்டான். அந்தக் கேள்வி இன்றுவரை என் நெஞ்சில் முள்ளாய்க் குத்துகிறது. நாம் போட்ட சோறு அவன் வயிற்றுக்குப் போனது. அவன் மனதில் என்ன இருக்கிறது என்று நம்மில் யார் கேட்டோம்?

திமிரா, காயமா?

விடுதிகளில் இருக்கும் 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளைப் பற்றி நிர்வாகிகளிடம் கேட்டுப் பாருங்கள். "சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, சண்டை போடுகிறான், பொய் சொல்கிறான், சுவரேறிக் குதித்து ஓடுகிறான்" என்பார்கள். சில பிள்ளைகள் வாயே திறப்பதில்லை. சில பிள்ளைகள் இந்த வயதிலும் படுக்கையை நனைத்து விடுகிறார்கள்.

இதை நாம் திமிர் என்கிறோம். சோம்பல் என்கிறோம். ஆனால் அந்தப் பிள்ளையின் பின்னணி என்ன? வாப்பாவின் மரணத்தைக் கண்ணால் பார்த்திருப்பான். குடித்துவிட்டு அடிப்பவரிடம் வளர்ந்திருப்பான். பெற்ற தாயே, வழியில்லாமல், விடுதி வாசலில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போயிருப்பாள். ஆண்டுக்கணக்கில் பயத்திலேயே இருந்த உள்ளம், பயம் போன பிறகும் விழிப்பாகவே இருக்கிறது. யாராவது கையை ஓங்கினால், அது அடிப்பதற்கல்ல, தலையில் வைப்பதற்கு என்று அதற்குத் தெரியாது.

கை முறிந்தால் கட்டுப் போடுகிறோம். மனம் முறிந்தால் பிரம்பை எடுக்கிறோம். இது நியாயமா?

நாம் மறந்த முன்மாதிரி

பெருமானார் (ஸல்) அவர்கள் பிறக்கும் முன்பே தந்தையை இழந்தவர்கள். ஆறு வயதில் தாயை இழந்தார்கள். எட்டு வயதில் அரவணைத்த பாட்டனாரையும் இழந்தார்கள். அதன்பின் பெரிய தந்தை அபூதாலிப் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்றார். அவர் செல்வந்தர் அல்ல. ஆனாலும் அந்தச் சிறுவருக்கு ஒரு வீடு இருந்தது, தன்னுடையவர் என்று சொல்லிக்கொள்ள ஓர் ஆள் இருந்தார்.

1921 மலபார் கிளர்ச்சியில் தந்தையரை இழந்து தவித்த பிள்ளைகளுக்காக 1922ல் கோழிக்கோட்டில் ஜே.டி.டி. இஸ்லாம் அநாதை இல்லம் எழுந்தது. பஞ்சாபிலிருந்து வந்த மௌலானா அப்துல் காதர் கசூரி அதற்கு அடித்தளமிட்டார். எங்கோ இருந்தவர் மலபார்ப் பிள்ளையைத் தம் பிள்ளையாக நினைத்தார். அந்தக் காலத்தில் பசியும் நோயுமே முதல் எதிரிகள். கூரையும் கஞ்சியும் கல்வியும் கொடுத்தார்கள். அது மகத்தான பணி. நாம் அதே இடத்தில் நின்றுவிட்டோமே, அதுதான் குறை!

நம் மாநிலத்தில் நடந்தவை

மாமல்லபுரம் பகுதி அநாதை இல்லங்களில் பிள்ளைகள் சீரழிக்கப்படுவதாக 2007ல் ஒரு பத்திரிகைக் கட்டுரை வெளியானது. அது உச்ச நீதிமன்ற வழக்கானது. பத்து ஆண்டுகள் நடந்து, 2017 மே 5 அன்று நீதிபதிகள் மதன் லோக்கூர், தீபக் குப்தா ஆகியோர் தீர்ப்பளித்தார்கள். நாட்டிலுள்ள எல்லாக் குழந்தைகள் இல்லங்களும் பதிவு செய்யப்பட வேண்டும், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனிப் பராமரிப்புத் திட்டம் எழுதப்பட வேண்டும் என்று உத்தரவிட்டார்கள். தமிழ்நாட்டு அநாதைப் பிள்ளைகளின் கண்ணீர்தான் நாடு முழுமைக்கும் தீர்ப்பைக் கொண்டு வந்தது.

அதன் பிறகாவது விழித்தோமா? 2022 டிசம்பர் இறுதியில், திருட்டு வழக்கில் செங்கல்பட்டு அரசு இல்லத்தில் வைக்கப்பட்ட 17 வயதுச் சிறுவன் பிணமானான். தாக்கியதாகக் குற்றம் சாட்டப்பட்டு அந்த இல்லத்தின் ஊழியர்கள் ஆறு பேர் கைது செய்யப்பட்டார்கள். இல்லங்களின் நிலையை ஆராய ஓய்வு பெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒரு நபர் குழுவைத் தமிழக அரசு அமைத்தது. பிள்ளையைத் திருத்த அனுப்பிய இடத்திலிருந்து அவன் உடல் வீடு திரும்பியது. அந்தத் தாய்க்கு நாம் என்ன பதில் சொல்வோம்?

சட்டம் என்ன சொல்கிறது?

2016 ஜனவரி 15 முதல் நடைமுறையில் இருக்கும் இளைஞர் நீதிச் சட்டம் தெளிவாகவே சொல்கிறது. பதிவு செய்யாமல் இல்லம் நடத்தினால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். இல்லத்தில் பிள்ளையை அடித்தால் முதல் முறை 10,000 ரூபாய் அபராதம். மறுமுறை சிறைக்கும் வழியுண்டு. அதே சட்டத்தின் 53ஆம் பிரிவு, இல்லங்கள் தர வேண்டிய சேவைகளை வரிசைப்படுத்துகிறது. உணவு, உடை, மருத்துவம், கல்வி ஆகியவற்றோடு மனநல ஆலோசனையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

ஆக, கவுன்சிலிங் என்பது பணக்காரப் பிள்ளைகளின் சொகுசு அல்ல. சோற்றைப் போல, சட்டையைப் போல, அது விடுதிப் பிள்ளையின் உரிமை!

பலர் கேட்பார்கள்: "நாங்கள்தான் தினமும் புத்தி சொல்கிறோமே!" சகோதரர்களே, புத்திமதியில் நாம் பேசுகிறோம், பிள்ளை கேட்கிறான். ஆற்றுப்படுத்தலில் பிள்ளை பேசுகிறான், பயிற்சி பெற்றவர் கேட்கிறார். வாரந்தோறும் அதே நாள், அதே நேரம், அதே ஆள், கதவுக்கு வெளியே கேட்காத ஓர் இடம். பேச வராத பிள்ளைக்குப் படம் வரையவும் பந்து விளையாடவும் இடம் கொடுக்கிறார். சொன்னதை அவர் ஊருக்குச் சொல்வதில்லை. உயிருக்கோ மானத்துக்கோ ஆபத்து என்றால் மட்டும் உரியவர்களிடம் சொல்கிறார். மருந்து தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்புகிறார்.

இதற்கு நாம் வெகு தூரம் போக வேண்டியதில்லை. டாக்டர் சாரதா மேனன் 1984ல் தொடங்கிய ஸ்கார்ஃப் மனநல நிறுவனம் நம் பாடிக்குப் பக்கத்தில், அண்ணா நகர் மேற்கு விரிவில் இருக்கிறது. கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் மனநலச் சேவையை 14416 என்ற எண்ணில் காசில்லாமல் அழைக்கலாம்.

ருமேனியா நாட்டில் 1989ல் ஆட்சி கவிழ்ந்தபோது, இரும்புக் கட்டில்களில் தூக்க ஆளின்றிக் கிடந்த அநாதைக் குழந்தைகளை உலகம் பார்த்து அதிர்ந்தது. பின்னர் 2000ஆம் ஆண்டு முதல் 136 குழந்தைகளை வைத்து ஆய்வு நடந்தது. ஒரு பகுதியினர் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். மற்றவர்கள் வழக்கம்போல விடுதிப் பராமரிப்பிலேயே விடப்பட்டார்கள். குடும்பத்தில் வளர்ந்தவர்களின் மனநலம் மேலாக இருந்தது. அந்த வித்தியாசம் 16 வயதிலும் தெரிந்தது. தன்னுடைய ஆள் என்று ஒருவர் இருப்பதே பாதி மருந்து!

நாம் செய்ய வேண்டியவை

ஒன்று: வியாபாரிகளே! விடுதிக்கு நன்கொடை கொடுக்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். பதிவுச் சான்று இருக்கிறதா? ஒவ்வொரு பிள்ளைக்கும் பராமரிப்புத் திட்டம் எழுதியிருக்கிறீர்களா? ஆலோசகர் வாரம் எத்தனை முறை வருகிறார்? சரக்கு வாங்கும்போது தரம் பார்க்கிறோம். சதகாவில் பார்க்கக் கூடாதா?

இரண்டு: பத்துக் கடைக்காரர்கள் சேர்ந்து ஓர் ஆலோசகரின் சம்பளத்தை ஏற்றுக் கொள்ளுங்கள். ஜகாத்தை இதற்குத் தரலாமா என்பதை ஆலிம்களிடம் கேட்டுக் கொள்ளுங்கள். சதகாவுக்குத் தடையில்லை. பிள்ளை எந்த மதத்தவன் என்று பார்க்காதீர்கள்.

மூன்று: தாய் உயிரோடு இருந்தும் வறுமையால் விடுதிக்கு வந்த பிள்ளைகள் உண்டு. அத்தகைய பிள்ளையை வீட்டிலேயே வளர்க்க, மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உதவிக்கு வழியிருக்கிறது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனு எழுதித் தர, நம் இளைஞர்கள் முன்வர வேண்டும்.

நான்கு: 18 வயதானதும் பெட்டியோடு வெளியே வரும் பையனை மறக்காதீர்கள். 21 வயது வரை பிற்காப்பு உதவிக்குச் சட்டம் இடம் தருகிறது. அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் சி.டி.எச். சாலையிலும் கடையும் பட்டறையும் வைத்திருப்பவர்கள் அவனுக்குத் தொழில் கற்றுக் கொடுங்கள். "ஹோம் பையன்" என்று மட்டும் கூப்பிடாதீர்கள். அவனுக்குப் பெயர் இருக்கிறது.

ஐந்து: இளைஞர்களே! போவதானால் தவறாமல் போங்கள். நிர்வாகத்தின் அனுமதியோடு, மாதம் ஒரு ஞாயிறு, ஆண்டு முழுக்கப் போங்கள். ஒருமுறை போய் நின்றுவிடுவது, ஏற்கெனவே கைவிடப்பட்ட பிள்ளையை இன்னொரு முறை கைவிடுவதாகும். தவறு எதையேனும் கண்டால் 1098க்குச் சொல்லுங்கள். பாலியல் கொடுமை என்றால் மறைப்பதே 2012 போக்சோ சட்டப்படி குற்றம். "நம்மவர் நடத்தும் இல்லம், பெயர் கெட்டுவிடும்" என்று வாயை மூடாதீர்கள். இல்லத்தின் பெயரைவிடப் பிள்ளையின் மானம் பெரிது!

அடுத்த ரமளானுக்கும் பிரியாணி கொண்டு போவோம். தாராளமாகக் கொண்டு போவோம். ஆனால் கேமராவை வீட்டில் வைத்துவிட்டு, அந்தப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து சாப்பிடுவோம். அடுத்த மாதமும் வருவோம் என்று சொல்வோம். சொன்னபடி போவோம்.

வல்ல அல்லாஹ் அதற்கு நமக்கு அருள் புரிவானாக!